பரியம் தபாலில் வராது

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டேன்.

"பாதி ஆயிருக்குங்க" என்றார் லட்சுமணன்.

தாளிலிருந்து பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவர் விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"பாதின்னா?"

"பரியத்துல பாதி எறக்கியாச்சுங்க. பொண்ணு வூட்டுக்குக் குடுக்க வேண்டியத சொல்றேன். ஒரு வருசம் மாமன் நெலத்துல ஏரு ஓட்டினேன், அது ஒரு பாதி. மீதி நானூறு ரூபாயும் ரெண்டு மூட்ட சாமையும் நிக்குது. அதக் குடுத்தாத்தான் தாலி."

"அப்ப கல்யாணம் ஆகலை."

"ஆவலன்னும் சொல்ல முடியாதுங்களே. ஊர்க்கவுண்டரு முன்னால வெத்தல மாத்தியாச்சு. அவங்க வூட்டுல எனக்குச் சோறு போடறாங்க. எங்க அண்ணி அவள லட்சுமணன் பொண்டாட்டின்னுதான் கூப்புடுது."

"பட்டாளத்துல சேர்ற பாரத்துல ஆமா, இல்லைன்னு ரெண்டுதான் இருக்கு."

அவர் குனிந்து தாளைப் பார்த்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருந்த வெள்ளையை விரலால் தொட்டுக் காட்டினார். "இங்க கொஞ்சம் எடம் கீதுங்களே."

தராசுப் பக்கமிருந்து என் சித்தப்பா சிரித்தார். "டேய், பாதிக் கல்யாணம்னு எழுதினா பாதித் துப்பாக்கிதான் குடுப்பான். நீ கட்டைய வச்சினு சுடு, குழாய அடுத்த வருசம் வாங்கிக்க."

லட்சுமணனும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கல்யாணம் ஆனவன எடுக்க மாட்டாங்கன்னு பசங்க சொல்றானுங்க, நெசமாங்க?" என்றார்.

"எனக்குத் தெரியாது. பாரத்துல அப்படி எதுவும் போடலை."

"நீங்களே சொல்லுங்க தபாலம்மா. இன்னா எழுதலாம்?"

"தாலி கட்டலைன்னா இல்லைன்னுதான் எழுதணும்."

"அப்ப அப்படியே எழுதுங்க."

எழுதினேன். அதற்கு நான்கு வரி கீழே, சம்பளத்தில் மாதாமாதம் ஊருக்குப் போக வேண்டிய பணம் யார் பெயருக்கு என்று ஒரு கேள்வி இருந்தது. அதைத் தமிழில் சொன்னேன்.

"மாதம்மா பேருக்கு" என்று உடனே சொன்னார்.

"உறவு என்னன்னு கேக்கறாங்க. மனைவின்னு போட முடியாது. மேல இல்லைன்னு எழுதிட்டோமே."

"மாமன் பொண்ணுன்னு போடலாங்களா?"

"அப்பா, அம்மா, மனைவி, கூடப் பொறந்தவங்க. இவ்வளவுதான் இருக்கு."

அவருடைய அப்பாவும் அம்மாவும் இறந்துபோயிருந்தார்கள். "அப்ப எங்க அண்ணன் ரங்கன் பேரப் போடுங்க. அதுவும் சரிதான். நான் நேரா அனுப்பினா அவங்க வாங்க மாட்டாங்க. பரியம் தபால்ல வராதுங்க. மூத்தவங்க கையால, கவுண்டரு முன்னால எறக்கணும்."

'ரங்கன், மூத்த சகோதரர்' என்று எழுதினேன். லட்சுமணன் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லாத அந்தப் பாரத்தை மடித்துக் கொடுக்கும்போது எனக்குள் சிறிய பெருமை இருந்தது.

இது 1977ஆம் வருஷம், ஆவணியில். ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் என் சித்தப்பா துரைக்கண்ணுவின் புளிக்கடை இருந்தது. கடையின் ஒரு மூலைதான் சுற்றுவட்டாரக் குடிகளுக்குத் தபாலாபீஸ். ஒரு மேசை, பூட்டுப் போட்ட ஒரு தகரப்பெட்டி, முத்திரைக் கட்டை. சித்தப்பாதான் அதற்கும் பொறுப்பு. நான் அடிவாரத்துச் சந்தவாசலில் தமிழில் படித்து, பிறகு வேலூரில் விடுதியில் தங்கி இங்கிலீஷில் படித்து, அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வழியில்லாமல் நின்றவள். பாரம் நிரப்பவும் கடிதம் படித்துக் காட்டவும் சித்தப்பா என்னை மேலே கூட்டிக்கொண்டு போயிருந்தார். என் பெயர் காந்தா. மலையில் யாரும் அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டதில்லை.

இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரையும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

லட்சுமணனுக்கு அப்போது இருபது வயது இருக்கும். பிறந்த வருஷம் பள்ளிக்கூடத்துப் பதிவில் ஒன்றாகவும் அண்ணன் கணக்கில் வேறாகவும் இருந்தது. அவருக்குப் பத்து வயதாகும்போது தகப்பனும், அடுத்த மழைக்காலத்தில் தாயும் போனார்கள். ரங்கனும் அவர் மனைவி பெரியம்மாளும்தான் வளர்த்தார்கள். இரண்டு ஏக்கர் சரிவு நிலம் பொதுவில் இருந்தது. சாமையும் கேழ்வரகும் விளையும். பங்குனியில் புளி. மற்ற மாதங்களில் காட்டில் கடுக்காய் பொறுக்கி என் சித்தப்பாவிடம் போடுவார்கள். லட்சுமணன் கடுக்காய் மூட்டையோடு மலைச்சரிவில் ஓடி வருவார். நடந்து வந்து நான் பார்த்ததில்லை.

மாதம்மாள் அடுத்த ஊர்ப் பஞ்சாட்சரத்தின் மகள். பரியத்துக்குக் கையில் பணமில்லாத மாப்பிள்ளை, பெண் வீட்டு நிலத்தில் உழைத்துக் கழிப்பது அந்த ஊர்களின் வழக்கம். லட்சுமணன் ஒரு வருஷம் உழைத்தார். மீதியை, அடுத்த வருஷம் தொடங்கி இரண்டு சாமை அறுவடைக்குள் கொடுத்து முடிப்பதாக ஊர்க்கவுண்டர் முன்னால் பேச்சு. கடுக்காய் பொறுக்கி நானூறு ரூபாய் சேர்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் சித்தப்பாவின் புளி லாரியோடு வேலூருக்குப் போனவர், ஒரு மைதானத்தில் பையன்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து எதற்கென்று கேட்டிருக்கிறார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னதும் அவரும் நின்றுவிட்டார். செருப்பில்லாமல் ஓடி முதல் பத்துப் பேரில் வந்தாராம். லாரிக்காரர் மூன்று மணி நேரம் காத்திருந்து திட்டிக்கொண்டே, அங்கே கொடுத்த பாரத்தோடு அவரை மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

புறப்படுவதற்கு முந்தைய பத்து நாட்களில் அவர் தன் கடமைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்த விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம். விளைச்சல் காலத்தில் பன்றி விரட்ட வீட்டுக்கு ஓர் ஆள் காவலுக்குப் போக வேண்டும். பட்டாளத்துக்குப் போகிறவன் காவலுக்கு வர முடியாது என்பதால் ஊருக்கு ஓர் ஆட்டைக் கொடுத்தார். தன்னுடைய இன்னோர் ஆட்டை அண்ணிக்குக் கொடுத்தார். பஞ்சாட்சரத்தின் நிலத்துக்கு விதைப்பு நேரத்தில் மூன்று நாள் ஆள் அனுப்புவதாக ரங்கனிடம் வாக்கு வாங்கினார். கோடரியைக் கூடப் பிடி மாற்றி, கூர் தீட்டி வைத்துவிட்டுத்தான் போனார். எங்கள் கடைக்கு அவர் தர வேண்டிய எட்டணாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இத வச்சினு நீ போய் டீ குடிடா" என்றார் சித்தப்பா.

"வாணாம் மொதலாளி. எட்டணா பாக்கி வச்சிட்டுப் போனான்னு நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க."

தை மாதத்தில் முதல் மணியார்டர் வந்தது. நாற்பது ரூபாய். நாலைந்து நாளில் ஓர் இன்லண்டு கடிதமும் வந்தது. ரங்கனுக்குப் படிக்கத் தெரியாது. கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார், நான் படிப்பேன்.

'அண்ணனுக்கு வணக்கம். பணத்தில் முப்பத்தைந்து மாமன் வீட்டுக்குச் சேர்த்து வை. ஐந்து உனக்கு. இங்கே குளிர். பட்டாளத்துச் சப்பாத்து காலைக் கடிக்கிறது. மாதம்மா எப்படி இருக்கிறாள் என்று எழுதச் சொல்.'

ஒவ்வொரு மாதமும் கடிதம் இதே மாதிரிதான் இருக்கும். சப்பாத்து ஒரு மாதம் கடிக்காது, இன்னொரு மாதம் கடிக்கும். மாதம்மாளைப் பற்றிய வரி மட்டும் எந்தக் கடிதத்திலும் விடுபட்டதில்லை. பெண்ணின் பெயருக்கு அவர் கடிதம் எழுதவில்லை. தாலி ஏறாத பெண்ணுக்குத் தபால் வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். பஞ்சாட்சரத்துக்கு எழுதுவதும் முறையில்லை. பேச வேண்டியதை அண்ணன்தான் பேச வேண்டும்.

மூன்றாவது மாதம், ரங்கனுடைய மாமனார் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். ரங்கன் பெரியம்மாளுக்குப் பரியமாகக் கொடுத்த பொருள்களில் ஒரு பசு உண்டு. கொடுத்த வருஷமே அது செத்துப்போயிருக்கிறது. ஒரு வருஷம்கூட நிற்காத மாடு பரியக் கணக்கில் சேராது, வேறு மாடு தர வேண்டும் என்று அப்போதே ஒரு பேச்சு எழுந்து, தருவதற்கு ரங்கனிடம் ஒன்றும் இல்லாததால் அடங்கியிருந்தது. இப்போது அந்த வீட்டில் ஒருவன் சர்க்கார் சம்பளம் வாங்குகிறான் என்றதும் மாமனாருக்கு மாடு ஞாபகம் வந்துவிட்டது. மாடு மட்டுமல்ல, அது உயிரோடு இருந்திருந்தால் போட்டிருக்கக் கூடிய கன்றுகளும்.

"இன்னா ரங்கா" என்றார் சித்தப்பா, "பத்து வருசமா செத்துக் கெடந்த மாடு, உன் தம்பி சம்பளம் வந்ததும் எழுந்து நிக்குதாமே?"

"எழுந்து நின்னா பரவால்ல மொதலாளி. கன்னும் போட்டுகீதாம், ரெண்டு."

"முடியாதுன்னு சொல்லேன்."

"எப்டி சொல்றது? பஞ்சாயத்துல ஒக்காந்துட்டாங்க. மூத்தவன் பரியம் நிக்கறப்போ எளையவன் பரியம் எறங்கக் கூடாதே. எம்மாட்டுக் கணக்க முடிச்சாத்தான் தம்பி கணக்கத் தொட முடியும்."

பஞ்சாயத்தில் அறுநூறு ரூபாய் என்று தீர்ந்தது. ரங்கன் தம்பியின் பணத்தைக் குடிக்கவில்லை. தனக்கென்று ஒரு வேட்டி வாங்கவில்லை. மாதாமாதம் நாற்பதை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு நேராக மலைக்கு அந்தப் பக்கம் நடப்பார். முறைப்படி அவர் செய்தது சரி. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"லட்சுமணனுக்கு இதை எழுதட்டுமா?" என்று அவரிடம் கேட்டேன்.

"வாணாம்மா. தூர தேசத்துல கெடக்கறான். மாட்டுக்கும் கன்னுக்கும் நான் துப்பாக்கி தூக்கறனான்னு நெனச்சிக்குவான். நலம்னு எழுதுங்க. மாமன் வூட்டுல எல்லாரும் சொகம்னு எழுதுங்க. கொஞ்ச நாள்ல சரி பண்ணிடறேன்."

நான் நலம் என்று எழுதினேன். எல்லாரும் சுகமாகத்தான் இருந்தார்கள். எழுதியதில் பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சித்தப்பாவிடம், "அந்தப் பொண்ணு வீட்டுக்காவது சொல்லணும் இல்லையா?" என்றேன்.

"யார் பேருக்கு வந்ததோ அவன் கையில குடுத்தா நம்ம வேல முடிஞ்சுது. ஒருத்தன் கடுதாசில இருக்கறத இன்னொருத்தங்கிட்ட சொல்றவளுக்குத் தபாலாபீஸ்ல எடம் கெடையாது. தெரியுதா?"

தெரிந்தது. அது சரியான விதியும்கூட. எனக்கு இயல்பாகவே பேச்சு குறைவு. பேசாமல் இருப்பதற்கு ஒரு விதியும் கிடைத்தபோது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

1979 பங்குனியில் லட்சுமணனின் கடிதம் ஒன்றில் வழக்கத்துக்கு மாறாக ஒரு வரி அதிகம் இருந்தது. 'ஓடைக்கரைப் புளிய மரத்தில் நான் அங்கே இருக்கும்போதே குளவி கூடு கட்டியிருந்தது. மாதம்மாவை அந்தப் பக்கம் பொறுக்கப் போக வேண்டாம் என்று சொல்.' ரங்கனுக்குப் படித்துக் காட்டினேன். "சரிம்மா" என்று எழுந்துபோனார்.

பத்து நாள் கழித்துப் புளி போட வந்த பெண்களில் மாதம்மாளும் இருந்தாள். ஒரு கண் முழுக்க வீங்கி மூடியிருந்தது. கன்னத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாள். கூட வந்த கெங்கம்மாள் வாய்த்துடுக்குக்காரி.

"இன்னாடி மாதம்மா, உன் பட்டாளத்தான் வந்தா எந்தக் கண்ணால பாப்ப?"

"வந்தா பாத்துக்கலாம். நீ உன் புளிய நிறு."

"வருவானா? வடக்க செவப்பா எவளையாவது புடிச்சினு இருப்பான்."

"செவப்பா இருந்தா இன்னா, அவங்கப்பனும் பரியம் கேப்பான் இல்ல? பாதியில வுட்டுட்டு இங்கதான் ஓடியாருவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு மற்றவர்கள் தராசுப் பக்கம் நகர்ந்ததும், அவள் என் மேசைக்கு ஓரடி தள்ளி வந்து நின்றாள். திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் தகரப்பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இன்னும் பாதிதான் வந்திருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ.

குளவியைப் பற்றி எழுதியிருந்தார் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அது ரங்கனுடைய கடிதம். நான் "கண்ணுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்று மட்டும் கேட்டேன். "அதுவா வடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த மாதத்தோடு ரங்கனின் மாட்டுக் கணக்கு தீர்ந்தது. அதற்குப் பிறகு வந்த பணத்தை அவர் தம்பிக்காகவே சேர்த்தார். இரண்டாவது அறுவடைக்கு எட்டு மாதங்கள் இருந்தன. விதைக்கும் உழவுக்கும் போக மாதம் முப்பதுதான் நின்றது.

லட்சுமணனுக்கு இரண்டு முறை லீவு கிடைத்தது. இரண்டு முறையும் அவர் வரவில்லை. 'லீவுக்கு வந்தால் ரயிலுக்கும் துணிமணிக்கும் இருநூறு போய்விடும். அதை மிச்சம் பிடித்தால் தாலி வாங்கலாம். பரியம் இறங்கிய சேதி வந்ததும் வருகிறேன்' என்று எழுதியிருந்தார். படித்தபோது எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நினைத்தேன். பொறுப்பான மனிதர்தான். ஆனால் மலையில் பணத்தைவிட முகம் பெரிது. அவர் ஒருமுறை வந்து பஞ்சாட்சரத்தின் வாசலில் நின்றிருந்தால், நானூறு ரூபாய்க்கு இன்னும் ஒரு வருஷம் தவணை தாராளமாகக் கிடைத்திருக்கும்.

பஞ்சாட்சரத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மாப்பிள்ளை போய் இரண்டு வருஷம் ஆகிறது. லீவுக்கு வரவில்லை. சம்பளப் பணம் மாதம் தவறாமல் வருகிறது, அது அண்ணனின் மாட்டுக்குப் போயிற்று. முதல் வருஷம் விதைப்புக்கு வந்த ஆள் இரண்டாம் வருஷம் வரவில்லை. தன் மகனுக்குப் பெண் பார்த்திருந்தார்; அந்த வீட்டுக்கு அவர் பரியம் கொடுக்க வேண்டும். அமிர்திப் பக்கம் காட்டிலாகா நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிற ஒருவன் வீட்டிலிருந்து முழுப் பரியத்தோடு வந்து மாதம்மாளைக் கேட்டார்கள். கார்த்திகையில் அறுவடை முடிந்ததும், பேசிய தவணை தவறிவிட்டதென்று பஞ்சாட்சரம் ஊர்க்கவுண்டர் முன்னால் சொன்னார். ரங்கன் இருநூற்று நாற்பது ரூபாயைக் கொண்டுபோய் வைத்து, பங்குனிப் புளி வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பஞ்சாட்சரம் அந்தப் பணத்தைத் தொடவில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மார்கழியில் ஒருநாள் ரங்கன் வந்தார். துண்டு முடிச்சை அவிழ்த்துத் தொண்ணூறு ரூபாயை மேசைமேல் வைத்தார்.

"தம்பிக்கு மணியார்டர் பண்ணணும்மா."

அவர் தம்பிக்குப் பணம் அனுப்பியதே இல்லை. "எதுக்கு?" என்று கேட்டேன்.

"தம்பி அந்த வூட்டுல ஒரு வருசம் ஏரு ஓட்டினான் இல்ல? பொண்ணு வேற வூட்டுக்குப் போறப்போ வாங்கினதத் திருப்பணும். அவங்க போட்ட சோத்தக் கழிச்சு, கவுண்டரு கணக்குப் போட்டு தொண்ணூறுன்னு சொன்னாரு. இது அவன் காசு. நான் வச்சிக்கக் கூடாது."

அவர் முகத்தைப் பார்க்காமல் பாரத்தை எடுத்தேன். மணியார்டர் தாளின் அடியில் சேதி எழுதச் சிறிய இடம் உண்டு. என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"பரியம் திரும்பி வந்துச்சு, வாங்கிக்கன்னு எழுதுங்க."

"வேற?"

"வேற இன்னாம்மா இருக்குது?"

அப்படியே எழுதினேன். மாதம்மாள் போய்விட்ட செய்தி லட்சுமணனுக்கு என் கையெழுத்தில்தான் போயிற்று, தொண்ணூறு ரூபாயோடு.

நான்கு மாதம் கழித்து அவர் லீவில் வந்தார். மீசை வைத்திருந்தார். சப்பாத்துப் போட்டிருந்தார், மலைச்சரிவில் மெதுவாக நடந்து வந்தார். சித்தப்பா பேச்சுக்கு இடம் கொடுத்து உள்ளே போய்விட்டார்.

"மொத்தம் எத்தன மணியார்டருங்க வந்துது?"

"இருபத்தேழு."

"கடுதாசி எல்லாம்?"

"எல்லாம் வந்தது. எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன்."

தலையை ஆட்டினார். "அண்ணன் மேல தப்பில்லீங்க. மூத்தவரு கணக்கு முன்னால போவணும். நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன். நான்தான் லீவுக்கு வந்திருக்கணும். இருநூறு ரூபா மிச்சம் புடிச்சேன். இருக்குது, பேங்குல."

என் மனத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் ஆமான்னு எழுதியிருந்தா, பணம் மாதம்மா பேருக்கே வந்திருக்கும். அது பரியம் ஆகாது. ஆனா உங்க மனைவியா அவ கையில வந்திருக்கும். ஊரே பாத்திருக்கும்."

"தாலி கட்டலியேங்க. நீங்க சரியாத்தான் எழுதினீங்க."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அதைவிடக் கடுமையான ஒரு சொல்லை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

லீவு முடிவதற்கு இருபது நாள் முன்பே புறப்பட்டுவிட்டார். அதன் பிறகு மலைக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தார், ரங்கனின் மூத்த மகள் நீலாவதிக்குக் கல்யாணம் பேசியபோது. அவளுக்குப் பரியம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னாராம், ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது ஹவில்தார் என்று கேள்வி. நாற்பது ரூபாய் நூறு ஆகி, இன்றும் ரங்கன் பெயருக்கு மாதாமாதம் வருகிறது. பாரத்தில் இருக்கும் பெயரை மாற்றச் சொல்லி அவர் எழுதவே இல்லை.

1982 ஆடியில் மாதம்மாள் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. தபால் வேலை எதுவும் அவளுக்கு இல்லை; உப்பு வாங்குகிற சாக்கில் வந்தாள். சித்தப்பா ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான். உப்பை மடியில் கட்டிக்கொண்டு, இந்தத் தடவை மேசைக்கு நேர் எதிரிலேயே வந்து நின்றாள்.

"ஒண்ணு கேட்டா சொல்லுவீங்களா, தபாலம்மா?"

"கேளு."

"அவரு அவங்க அண்ணனுக்கு மாசா மாசம் கடுதாசி போட்டாருன்னு சொல்றாங்க. நீங்கதான படிப்பீங்க. மாடு, பணம், எல்லாம் இருக்கட்டும். அதுல எப்பனா என் பேரு இருந்துச்சுங்களா?"

குழந்தை அவள் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் அதைத் தடுக்காமல் என் வாயையே பார்த்தாள். இருபத்தேழு கடிதங்களும் எனக்கு மனப்பாடம்.

"இல்லை" என்றேன்.

"ஒண்ணுலயுமா?"

"ஒண்ணுலயும் இல்லை."

"அதான்" என்றாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நானும் அப்படித்தான் நெனச்சேன். சரி, வர்றேங்க." வாசலுக்குப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தபாலாபீஸின் விதிக்காக நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த விதியை மீறி உண்மையைச் சொல்ல அன்று எனக்குத் துணிச்சலும் இருந்தது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால், லீவை முடிக்காமலே புறப்பட்ட அன்று, லட்சுமணன் பஸ்ஸில் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு மறுபடி இறங்கிக் கடைக்கு வந்தார். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னார்:

"தபாலம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். என்னைக்காவது ஒருநா மாதம்மா வந்து, அவரு என்னப் பத்தி எதுனா எழுதினாரான்னு உங்களக் கேப்பா. நிச்சயமா கேப்பா, எனக்குத் தெரியும். எழுதலன்னு சொல்லிடுங்க. எழுதினேன்னு தெரிஞ்சா அந்த வூட்டுல அவளுக்குச் சோறு எறங்காது. மறந்துட்டுப் போனவன்னு நெனச்சா ரெண்டு நாளு திட்டுவா, அப்புறம் நல்லா இருப்பா. உங்களுக்குப் பொய் வராது. எனக்காவ இந்த ஒண்ணு மட்டும் சொல்லிடுங்கம்மா."